‘மறுகா?’ என்று கேட்கும் வகுப்பறை

மட்டக்களப்பில் யாராவது கதை சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் இடையிடையே ஒரு சொல் போடுவார்: “மறுகா?” மற்ற ஊர்த் தமிழர் ‘பிறகு’ என்றும் ‘அப்புறம்’ என்றும் கேட்கிற இடத்தில் இந்த மண்ணுக்கு வாய்த்த சொல் அது. சொல்பவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து அது விழவேண்டும். விழுந்தால் கதை ஓடும். விழாவிட்டால், கேட்கிறாரா இல்லையா என்ற சந்தேகம் வந்து, சொல்பவர் வாயை மூடிக்கொள்வார். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், சூரியன் எழும் பக்கத்து எழுவான்கரையிலும் அது படும் பக்கத்துப் படுவான்கரையிலும், பிள்ளைகள் இந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். வகுப்பறைக்குள் வந்ததும் அது காணாமல் போய்விடுகிறது.

குழுச் செயற்பாடு நடக்கும் ஒரு பாடவேளையை நினைத்துப் பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். ஆசிரியர் மேசைகளைக் கூட்டிப் போடச் சொல்கிறார். குழுவுக்கு ஒரு டிமைத் தாள், ஒரு மார்க்கர் பேனை. “கூடிக் கதைச்சு எழுதுங்க புள்ளயள்” என்கிறார். “நீ எழுது புள்ள, உன்ட எழுத்துத்தான் வடிவு” என்று தாள் ஒருத்தியிடம் போய்விடுகிறது. கெட்டிக்காரப் பையன் விடையைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். மூன்றாவது பிள்ளை தாளின் ஓரத்துக்குப் பூ வரைகிறது. நாலாவதும் ஐந்தாவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மணியடிக்கும் முன் தாள் சுவரில் ஏறிவிடுகிறது. கீழே ஐந்து பெயர்கள், எல்லோருக்கும் ஒரே புள்ளி. ஆனால், ஆசிரியர் சொன்ன இரண்டு வேலைகளில் எழுதுவது நடந்தது, கதைப்பது நடக்கவில்லை.

இதை ஆசிரியரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. இலங்கையில் 2007இன் பாடத்திட்டச் சீர்திருத்தம், ஆசிரியர்கள் ‘ஐந்து ஈ’ (5E) என்று சொல்லும் கற்பித்தல் முறையைத் தரம் 6இலும் தரம் 10இலும் தொடங்கிப் படிப்படியாகப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தது. பிள்ளைகள் குழுவாகத் தேடி, குழுவாக விளக்கி, சேர்ந்து கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல நோக்கம்தான். குழு எதைத் தேட வேண்டும் என்று ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் சொல்லின. பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, மறுப்பை எந்த வார்த்தையில் சொல்வது, வாயே திறக்காத பிள்ளையைப் பேச்சுக்குள் எப்படிக் கூட்டி வருவது என்பவற்றுக்கு ஒரு பாடவேளையும் ஒதுக்கப்படவில்லை. வீட்டில் கற்றிருப்பார்கள் என்று பாடசாலை நினைக்கிறது. பாடசாலை கற்றுக்கொடுக்கும் என்று வீடு நினைக்கிறது.

சேர்ந்தால் வேலை தானாக இலகுவாகும் என்ற நம்பிக்கையை ஒரு கயிற்றை வைத்துச் சோதித்தவர் மக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர். 1880களில் அவர் ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவைத்து, இழுவிசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. ஒருவர் தனியே இழுக்கும் பலத்தை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பதுதான் கிடைத்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். தான் கொஞ்சம் தளர்ந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் இன்னொன்று. 1974இல் அலன் இங்கம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இரண்டாவது காரணத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் வேறு ஆட்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுத்தார். அப்போதும் பலம் குறைந்தது.

கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இந்தக் கணக்கும் புதிதில்லை, அதற்கான மருந்தும் புதிதில்லை. வலையின் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டில் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள், சொல் அழுந்தி விழும் இடத்தில் அத்தனை தோள்களும் ஒரே கணத்தில் பின்னே சாயும். களைப்புத் தெரியாமல் இருக்கத்தான் பாட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பாட்டு இழுக்கும் நொடியை ஒன்றாக்குகிறது. யாருடைய குரல் கேட்கவில்லை என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. ரிங்கல்மான் கண்ட இரண்டு ஓட்டைகளும் ஒரே பாட்டில் அடைபடுகின்றன. பிற்காலத்தில் இலங்கைக் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை வலையை இழுக்கத் தொடங்கியது. அந்த இடங்களில் அம்பாவுக்கு வேலை குறைந்துவிட்டது.

களரி தரும் பாடம்

கரைவலையைவிட ஆழமான பள்ளிக்கூடம் கூத்துக் களரி. வடமோடி, தென்மோடி என்று இரு மரபாக மட்டக்களப்புக் கிராமங்களில் ஆடப்படும் கூத்தை ஒரு குழு வேலையாகப் பார்த்தால், கல்வியியலாளர்கள் நூல் நூலாக எழுதுகிற பல விடயங்கள் அதற்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது தெரியும்.

ஊர் கூடிக் கூத்துப் போடுவது என்று முடிவாகும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் வருவார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பேசித் தீர்த்த பிறகு ‘சட்டம் கொடுத்தல்’ நடக்கும். அவரவர் பாட்டும் வசனமும் அவரவர் கைக்கு வரும். அதன் பின் பல மாதங்கள் இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் ஓரளவு பிடிபட்டதும் சதங்கை அணிவார்கள். முழுக் கூத்தையும் ஒப்பனையில்லாமல் ஓட்டிப் பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ அடுத்து வரும். அரங்கேற்றம் கடைசியில்தான்.

களரி வட்டமானது. சுற்றிவரச் சனம் இருக்கும். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். கூத்தர் தன் பாட்டின் ஓரடியைப் பாடுவார். உடனே பிற்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் கூத்தர் ஆடுவார். பிறகு அடுத்த அடி. விடியும்வரைக்கும் இப்படித்தான். கூத்தர் பாடியது களரியில் அனாதையாக விழுவதில்லை. அதைக் காதில் வாங்கி, அப்படியே ஏந்தி, சனத்துக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் இருக்கிறது. கேட்பது அங்கே பெயருள்ள வேலை. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஆட்டமே நின்றுவிடும். கையில் ஏட்டை வைத்துக்கொண்டு, தடுமாறுகிறவருக்கு அடியெடுத்துக் கொடுக்கவும் ஒருவர் உண்டு. குழுவில் ஒருவர் தொகுத்துச் சொல்லவேண்டும், ஒருவர் நினைவூட்டவேண்டும், ஒருவர் நேரம் பார்க்கவேண்டும் என்று இன்றைய ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லப்படும் பொறுப்புகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பயிற்சிப் பட்டறையில் கேட்கும்போது அந்நியமாக ஒலிப்பதை, ‘இந்தக் குழுவில் இன்றைக்கு நீதான் பிற்பாட்டு’ என்று சொன்னால் படுவான்கரைப் பிள்ளைக்கு உடனே விளங்கும்.

இதை வகுப்பில் செய்து பார்ப்பது கடினமில்லை. ஒரு பிள்ளை தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அடுத்துப் பேசப் போகிற பிள்ளை, அந்தக் கருத்தை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைச் சொல்லலாம். “நீ சொன்னது இதுதானே?” என்று கேட்டு, “ஓம்” என்ற பதில் வந்த பிறகே வாய்ப்பு. முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள், தடுமாறுவார்கள். மற்றவர் பேசும்போது தன் விடையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்ததைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நான்கைந்து தடவை ஆனதும் காது திறந்துவிடும்.

களரியைத் தங்கமாக்கிக் காட்டவும் கூடாது. மரபுக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். யார் ஆடலாம், எந்தப் பாத்திரம் யாருக்கு என்பதில் சாதியும் அந்தஸ்தும் பேசின. அண்ணாவியார் சொன்னால் சொன்னதுதான். கேட்கப் பழக்கிய அதே களரி, கேள்வி கேட்கப் பழக்கவில்லை. ஆனால் கூத்து அப்படியே நின்றுவிடவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மாணவர்களில் ஒருவரான மட்டக்களப்பின் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, கூத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆய்வாகவும் வளர்த்தார். அடுத்த தலைமுறையில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தில் செய்த ‘கூத்து மீளுருவாக்கம்’ நம் விடயத்துக்கு மிக நெருக்கமானது. ஆய்வாளர் எழுதிக் கொடுக்க ஊர் ஆடுவது என்றில்லாமல், ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, கதையில் பெண்ணும் சாதியும் காட்டப்படும் விதத்தைக் கேள்விக்குட்படுத்தி, ஊரார் சம்மதத்தோடு மாற்றிக்கொண்டு போன வேலை அது. சிறுவர்களும் களரிக்குள் வந்தார்கள். கூத்து மாறியதைவிட, அதை மாற்ற ஊர் உட்கார்ந்து பேசிய முறைதான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது.

மூன்று வகைப் பேச்சு

பிள்ளைகள் குழுவில் பேசுவதை ஆண்டுக்கணக்காகப் பதிவுசெய்து ஆராய்ந்தவர் பிரித்தானியக் கல்வியியலாளர் நீல் மேர்சர். அவரும் சகாக்களும் அந்தப் பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள். முதலாவது மல்லுக்கட்டும் பேச்சு: “இல்ல, பிழை.” “உனக்குத்தான் பிழை.” காரணம் ஒருவரும் சொல்வதில்லை. இரண்டாவது தலையாட்டும் பேச்சு: யார் எதைச் சொன்னாலும் “ஓம் ஓம்” என்று அடுக்கிக்கொண்டு போவது. சண்டையில்லை, யோசனையும் இல்லை. மூன்றாவதைத் ‘தேடும் பேச்சு’ எனலாம்: “ஏன் அப்பிடிச் சொல்றாய்?”, “அப்பிடியெண்டா இதுக்கு என்ன செய்யிற?”, “நான் முதல் சொன்னது பிழைபோல இரிக்கி.” மூன்றாம் வகைக்குப் பேச்சு விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கி, பல கிழமைகள் பழக்கினார்கள். பழகிய பிள்ளைகள் குழுவாகச் செய்த தர்க்கப் பரீட்சையில் மட்டுமல்ல, பிறகு தனித்தனியே செய்த பரீட்சையிலும் முன்னேறியிருந்தார்கள். சேர்ந்து யோசித்த விதம் தனியே யோசிக்கும்போதும் கூட வந்திருக்கிறது. ‘குழு வேலையால் பிள்ளையின் படிப்புக் கெடும்’ என்று கவலைப்படும் பெற்றோருக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி இல்லை.

நம் வகுப்பறைகளில் இரண்டாம் வகைதான் அதிகம். பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாததால் வந்த நிலை இல்லை இது. மறுப்பதை மரியாதைக் குறைவாகப் பார்க்கும் வீட்டிலிருந்து அவர்கள் வருகிறார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்பது நல்ல பழக்கம். அதுவே சக மாணவனின் பிழையைப் பார்த்தும் பேசாதிருக்கும் பழக்கமாகிவிடுகிறது. ஆளைக் காயப்படுத்தாமல் கருத்தை மறுக்கும் வார்த்தைகளைப் பிள்ளைகளின் வாயில் வைத்துப் பழக்க வேண்டியிருக்கிறது, வாய்பாட்டைப் பழக்குவதுபோல.

என்ன கேள்வியைக் கொடுக்கிறோம் என்பதும் பேச்சைத் தீர்மானிக்கிறது. ‘நீர் மாசடைவதற்கான காரணங்கள் ஐந்து எழுதுக’ என்றால் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடலாம்; பேச என்ன இருக்கிறது? வாவிக்கரைப் பிள்ளைகளுக்குப் பேசத் தகுந்த கேள்விகள் வாசலிலேயே கிடக்கின்றன. முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி கடலைச் சந்திக்கும் இடங்களில் ஒன்று பாலமீன்மடுவில் இருக்கிறது. மாரி மழை கொட்டும் மாதங்களில் அங்கே மணல்திட்டு அடைத்திருந்தால் வெள்ளம் வடியாது. தாழ்ந்த வயல்களும் குடியிருப்புகளும் தண்ணீரில் கிடக்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்பார் வயல்காரர். வெட்டினால் வாவி நீர் சட்டென்று இறங்கும், கடல் நீர் ஏறும், உப்பின் அளவு மாறும், மீனும் இறாலும் உள்ளே வருவதும் போவதும் மாறும். வாவி மீனவருக்கு வேறு கணக்கு இருக்கும். எப்போது வெட்டலாம், வெட்டத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஐந்து பேருக்கும் ஒரே தாளில் கொடுத்தால் பழைய கதைதான். ஒரு பிள்ளையிடம் மழையும் ஆற்று நீரும் பற்றிய குறிப்பு, இன்னொரு பிள்ளையிடம் வயல், மூன்றாவதிடம் மீனும் இறாலும், நாலாவதிடம் நகரத்து வடிகால், ஐந்தாவதிடம் கடலோட்டமும் மணல் சேர்வதும் என்று பிரித்துக் கொடுத்தால் நிலைமை தலைகீழாகும். எல்லாக் குழுக்களிலும் மீன் குறிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் ஓரிடத்தில் கூடி அதை நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள். பிறகு தங்கள் தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்போது கெட்டிக்காரப் பையனுக்கும் பேசாத பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அவன் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பிள்ளை படுவான்கரை வயல்காரரின் மகளாகவோ வாவியில் வலை வீசுகிறவரின் மகனாகவோ இருந்துவிட்டால், ஆசிரியருக்கே தெரியாத விபரங்கள் வெளியே வரும்.

இந்த முறைக்குத் தாயகம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரம். அங்கே 1971இல் வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டபோது பாடசாலைகளில் மோதல் வெடித்தது. உளவியலாளர் எலியட் அரன்சன் அழைக்கப்பட்டார். அவர் மோதலைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், கைகள் உயர்கின்றன, ஒரு பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைத்ததும் மற்றப் பிள்ளைகள் அது பிழைவிட வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுகின்றன. இப்படி நாள் முழுக்கப் போட்டி போடவைத்துவிட்டு ஒற்றுமையாய் இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை என்று கண்டு, பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரு துண்டு குறைந்தாலும் படம் நிறையாது என்பதால் அதற்குத் துண்டுப்படப் புதிரின் பெயரே வந்தது.

ஒரு மொழி, இரண்டு பள்ளிக்கூடம்

ஒஸ்ரினின் கதை மட்டக்களப்பாருக்கு உறைக்கக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். இரு சமூகத்திலும் குடிவழி தாய்வழியாக வருகிறது. கலியாணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் இரு பக்கத்திலும் உண்டு. ஆனால் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் வேறுவேறு பாடசாலைகளில். ‘மறுகா’ என்ற சொல் இரு பக்கமும் இருந்தும், ஒரு பக்கத்துப் பிள்ளையிடம் மறுபக்கத்துப் பிள்ளை அதைக் கேட்கும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அடுத்த ஊரைப் பயத்தின் பெயராகவே கேட்டு வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பு நகரில், இயேசு சபைக்குச் சொந்தமான காணியில், ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ தொடங்கியது. உளவளத்துணையாளரும் இயேசு சபைத் துறவியுமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும், கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதன் தொடக்கத்தில் நின்றவர்கள். ஹோகன் அதற்கு முன் ரொறொன்ரோவில், உடற்குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் தோட்டமொன்றை உருவாக்கியிருந்தார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துச் சுகாதார ஆய்வாளர்களும் துணை நின்றார்கள். தமிழ்க் கிராமமொன்றிலிருந்தும் முஸ்லிம் கிராமமொன்றிலிருந்தும் பிள்ளைகளைப் பூங்காவின் பஸ் ஏற்றி வரும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ் கடந்து வந்த வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்தன.

உள்ளே வந்ததும் யாரும் அவர்களுக்குச் சமாதானம் பற்றிப் பாடம் நடத்தவில்லை. களிமண் இருந்தது, வர்ணம் இருந்தது, மரம் இருந்தது, மிருகங்கள் இருந்தன. பிள்ளை தனக்குப் பிடித்ததில் கைவைக்கலாம். பூங்காவில் கூட இருந்தவர்கள் இரு சமூகத்தையும் சேர்ந்த உள்ளூர் இளைஞர்களும் பெண்களும். அவர்களிலும் பலர் யுத்தத்தின் அடியைத் தாங்கியவர்கள். கட்டளையிடாமல் கூட இருப்பதற்கும், பிள்ளை பேசும்வரை பொறுத்திருப்பதற்கும் அவர்கள் பயின்றிருந்தார்கள். மாதங்கள் போகப் போக, தனித்தனியே மண் பிசைந்த கைகள் சேர்ந்து ஒரு கதையைக் கட்டத் தொடங்கும். கடைசியில் அந்தக் கதை பாட்டும் முகமூடியுமாக நாடகமாகும்.

கற்பித்தல் ஒழுங்கு என்ற கண்ணால் பார்த்தால், பூங்கா செய்தது பாடசாலை செய்வதற்கு நேர் எதிர். பாடசாலையில் முதலில் குழுவாக்கி, பிறகு வேலை கொடுத்து, பேச்சு தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள். பூங்காவில் கைக்கு வேலை முதலில் வந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் “அந்த நீல வர்ணத்தைத் தா” என்று கேட்கவேண்டிய தேவை அடுத்து வந்தது. அந்தச் சிறிய கேள்விகள் பழகிய பிறகே பெரிய கதைக்குப் போனார்கள். வாப்பா, உம்மா, ராத்தா என்று மற்றப் பிள்ளை வீட்டாரைக் கூப்பிடும் சொற்களை ஒரு பிள்ளை அறிவதற்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பேசாத பிள்ளையும் பேச்சுத் தமிழும்

2010இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் அனிற்றா வூலியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெரும் கவனம் பெற்றது. 699 பேரைச் சிறு குழுக்களாக்கிப் பலவகை வேலைகள் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் மிகக் கெட்டிக்காரர் யார் என்பது குழுவின் திறமையைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. எதிரில் இருப்பவரின் மனநிலையை முகம் பார்த்து அறியும் திறனும், பேச்சு எல்லோருக்கும் ஓரளவு சமமாகப் பகிரப்படுவதும் தீர்மானித்தன. ஒருவரே பேசிய குழுக்கள் பின்தங்கின. அதன் பின் 2015இல் பீசா என்ற சர்வதேச மதிப்பீடு, 52 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 15 வயது மாணவர்கள் சேர்ந்து பிரச்சினை தீர்க்கும் திறனைச் சோதித்தது. சிங்கப்பூர் முதலிடம். எல்லா நாட்டிலும் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளை முந்தினார்கள்.

இங்கே குழுக்களில் அதிகம் பேசாதவர்களும் பெண் பிள்ளைகளே. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் எழுதுவது அவள் வேலை, முன்னால் போய் நின்று வாசிப்பது அவன் வேலை என்று சொல்லாமலே பிரிந்துவிடுகிறது. பொறுப்புகளைக் கிழமைக்குக் கிழமை மாற்றுவது ஒன்றே இதை உடைக்கும். எழுதியவள் அடுத்த கிழமை பேசவேண்டும், பேசியவன் பிற்பாட்டு.

இன்னொரு தடை மொழி. கூடி விளையாடும்போது கொட்டிப் பேசுகிற பிள்ளை, குழுச் செயற்பாட்டில் ஊமையாகிவிடுவதற்கு நூல் தமிழில்தான் பேசவேண்டும் என்ற பயம் ஒரு பெரிய காரணம். ‘இரிக்கி’, ‘மறுகா’, ‘கிறுகி வா’ என்று பேசினால் சிரிப்பார்கள், ஆசிரியர் திருத்துவார் என்று நினைக்கிறது. எழுதும்போது எழுத்துத் தமிழ் வரட்டும். யோசிக்கும்போது ஊர்த் தமிழ் ஓடட்டும். யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துகிறவர் அந்த யோசனையையே வெட்டிவிடுகிறார். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு இதே தடை வேறு உருவில் வருகிறது: சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒரு குழுவில், படிப்பு ஆங்கிலத்தில். அங்கே அரைகுறை வசனத்தைப் பொறுமையோடு கேட்கத் தெரிந்தவரே குழுவின் பலம்.

பொறுமைக்குக் கணக்கும் உண்டு. 1970களில் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கினார்கள். மூன்று விநாடிக்குச் செலவில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

புள்ளியைப் பற்றியும் சொல்லவேண்டும். தாளுக்கு ஒரே புள்ளி போட்டால் உழைத்த பிள்ளைக்கு மனம் நோகும், உழைக்காத பிள்ளைக்கு அதுவே வழியாகிவிடும். தாளைப் பார்த்துப் பாதிப் புள்ளியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதிக்குக் குழுவில் எவரையாவது ஒருவரை எழுப்பி, ‘உங்கள் குழு ஏன் இப்படி முடிவெடுத்தது?’ என்று கேட்கலாம். யாரை எழுப்புவார் என்று தெரியாதபோது, கெட்டிக்காரப் பையன் ஜன்னல் பக்கம் பார்க்கிற பிள்ளைக்கு வலியப் போய் விளங்கப்படுத்துவான்.

தாழங்குடாவில் இருக்கும் மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரியில் நாளைய ஆசிரியர்கள் உருவாகிறார்கள். அவர்களும் ஒரு தாள், ஒரு மார்க்கர், ஒரு கெட்டிக்காரன் என்ற வகுப்புகளைக் கடந்து வந்தவர்களே. குழுவில் பேசவும் கேட்கவும் முதலில் பழகவேண்டியவர்கள் அவர்கள். வகுப்பில் தான் அனுபவித்திராத ஒன்றை எந்த ஆசிரியரும் வழிகாட்டி நூலை மட்டும் வாசித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட முடியாது.

களரியில் ஒரு வழக்கம் பாடசாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அடுக்குப் பார்க்கும் இரவில், தாளம் பிசகிய இடத்தையும் பிற்பாட்டு பிந்திய இடத்தையும் மூத்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். கூத்தர் கோபிக்காமல் கேட்டுக்கொள்வார். குழுச் செயற்பாடு முடிந்ததும் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுகிறோம். நாற்பது நிமிடத்தில் கடைசி ஐந்தை இதற்கு ஒதுக்கலாம். இன்றைக்கு யார் சொன்னதைக் கேட்டு நம் முடிவு மாறியது? யாருடைய குரல் கேட்கவில்லை? அடுத்த முறை எதை வேறுவிதமாகச் செய்யப்போகிறோம்? மூன்றுக்கும் விடையைக் குழு தன் கொப்பியில் எழுதிவைக்கட்டும், ஊர்த் தமிழிலேயே. அடுத்த கிழமை மேசைகளைக் கூட்டிப் போட்டதும், புதிய கேள்வியைக் கொடுக்கும் முன், சென்ற கிழமை குரல் கேட்காமல் போன பிள்ளையே அந்தக் கொப்பியை எடுத்து வாசிக்கத் தொடங்கட்டும்.